கொலையாளி யார் என்று எழுதுகிறவருக்கு எப்போது தெரியும்?

“வங்கி வேலை. எட்டு மாதமாக ஒரு துப்பறியும் நாவல் எழுதுகிறேன், 14-ஆம் அத்தியாயத்தில் நின்றுவிட்டது. பெரிய மர்ம நாவலாசிரியர்கள் தினமும் என்ன படிப்பார்கள், எத்தனை நேரம் உட்காருவார்கள், முடிவைத் தீர்மானித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்களா?” என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகள் இருந்தாலும் உங்களை உறுத்துவது கடைசியில் உள்ளதுதான் என்று படுகிறது. முடிவு தெரியாமல் உட்கார்ந்தது தப்போ என்ற பயம். அது தப்பு என்று சொல்ல வரலாற்றில் ஆதாரம் இல்லை. முடிவு தெரிந்து எழுதியவர்களும் தெரியாமல் எழுதியவர்களும் ஒரே அலமாரியில் இருக்கிறார்கள். ஆனால் இரு சாராரும் ஏதோ ஒரு வடிவில் கணக்கு வைத்திருந்தார்கள். யாருக்கு என்ன தெரியும், எப்போது தெரிந்தது, வாசகரிடம் அதில் எவ்வளவு சொல்லியாகிவிட்டது என்கிற கணக்கு. மர்ம நாவலாசிரியரின் அன்றாடம் பெரும்பாலும் பேரேடு எழுதுகிற வேலைதான். வங்கிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதலில் அகதா கிறிஸ்டி. அவருடைய 73 குறிப்பேடுகள் மிஞ்சியிருக்கின்றன. ஜான் கரன் என்பவர் அவற்றைப் படித்துத் தொகுத்து 2009-இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். ஒழுங்கான திட்டக் கோப்புகளை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பள்ளிக்கூட நோட்டுகள்; தேதி அபூர்வம்; ஒரு நாவலின் குறிப்பு மூன்று நான்கு நோட்டுகளில் சிதறிக் கிடக்கும்; நடுவே மளிகைப் பட்டியல், சீட்டாட்டப் புள்ளிகள். சில நாவல்களுக்குக் கொலையாளியாக இவரை வைக்கலாமா அவரை வைக்கலாமா என்று மாற்றி மாற்றி எழுதிப் பார்த்திருக்கிறார். காட்சிகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்துக் கொடுத்துவிட்டு, பிறகு அந்த எழுத்துகளின் வரிசையை மட்டும் கலைத்து அடுக்கிப் பார்ப்பதும் உண்டு. எழுதுவதற்கென்று தனி அறை நெடுநாள் அவருக்கு இல்லை. ஆடாத ஒரு மேசையும் ஒரு டைப்ரைட்டரும் போதும், படுக்கையறையின் பளிங்குக்கல் மேசையோ இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே சாப்பாட்டு மேசையோ எதுவானாலும் சரி என்பது சுயசரிதையில் அவரே சொல்வது. 1952-இல் மணிக்கட்டு முறிந்தபின் ஒலிப்பதிவுக் கருவியில் சொல்லிப் பதிந்து தட்டச்சுக்குக் கொடுக்கவும் பழகினார்.

அவர் என்ன படித்தார் என்பதற்கு முதல் நாவலே சாட்சி. (‘தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்’ படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள், முடிச்சை அவிழ்க்கப் போகிறேன்.) முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் டார்க்கி ஊரில் செஞ்சிலுவை மருத்துவமனையில் செவிலியாக இருந்து, பிறகு மருந்து கலந்து கொடுக்கும் பிரிவுக்கு மாறினார். அதற்கான தேர்வுக்குப் படிக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்துச் சத்து டானிக்கில் ஸ்ட்ரிக்னின் மிகச் சிறிய அளவில் இருக்கும். அதே ஸ்ட்ரிக்னின், நம் ஊர் எட்டிக்கொட்டையில் இருப்பது. அந்த டானிக்கில் புரோமைடு சேர்ந்தால் ஸ்ட்ரிக்னின் கரைசலிலிருந்து பிரிந்து படிகமாகப் புட்டியின் அடியில் தங்கிவிடும். கடைசி வேளையில் மொத்தமும் வந்து சேரும். மருந்தாளுநர் பாடத்தில் இது செய்யக் கூடாதவற்றின் பட்டியலில் வருகிற எச்சரிக்கை. கிறிஸ்டி அதைக் கதையின் அச்சாணியாக்கினார். கொலையாளி விஷம் வாங்கவே வேண்டாம், சம்பவத்தன்று வீட்டில் இருக்கவும் வேண்டாம் என்று இரண்டு வசதிகள் ஒரே வேதியியல் உண்மையிலிருந்து கிடைத்தன. புத்தகம் வெளிவந்ததும் மருந்தியல் இதழ் ஒன்று பாராட்டி மதிப்புரை எழுதியது. நாவலின் பிற்பகுதியை 1916-இல் இரண்டு வார விடுப்பில் டார்ட்மூரில் ஒரு ஹோட்டலில் தங்கி முடித்தார். காலையில் கை வலிக்கும்வரை எழுதுவது, சாப்பிட்டுவிட்டுத் தரிசு மேட்டில் நடந்தபடி பாத்திரங்களின் பேச்சை வாய்விட்டுப் பேசிப் பார்ப்பது. அதை அச்சில் பார்க்க 1920 வரை காத்திருந்தார். பதிப்பகம் கடைசி அத்தியாயத்தை நீதிமன்றத்திலிருந்து வீட்டுக் கூடத்துக்கு மாற்றச் சொன்னது.

இதற்கு நேர் எதிர்க் கோடி ஜார்ஜ் சிமெனோன். மெய்க்ரே துப்பறிவாளரை வைத்து மட்டும் 75 நாவல்கள். 1955-இல் ஒரு நேர்காணலில் தன் முறையை விவரித்திருக்கிறார். ஒரு மஞ்சள் காகித உறை; அதன் மேல் பாத்திரங்களின் பெயர், வயது, குடும்பம், முகவரி. பெயர்களைத் தொலைபேசி டைரக்டரியிலிருந்து எடுப்பார். நடக்கப்போகிற சம்பவங்கள் தனக்கே தெரியாது என்கிறார். பிறகு தினம் ஓர் அத்தியாயம், ஒருநாளும் விடாமல், சுமார் பதினோரு நாளில் நாவல் முடிந்துவிடும். இடையில் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டால் அதுவரை எழுதியதைத் தூக்கிப் போட்டுவிடுவார். தொடங்குமுன் மருத்துவரிடம் உடம்பைக் காட்டிவிட்டு வருவார். பிறகு திருத்தம் மூன்று நாள். அதில் முக்கால்வாசி வெட்டுவது. உரிச்சொல், அலங்காரம், அழகாக விழுந்துவிட்ட வாக்கியம் எல்லாம் போகும். அந்த உறைகள் இன்றும் பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. முடிவு தெரியாமல் எழுதியவர்தான், ஆனால் யார் எந்தத் தெருவில் இருக்கிறார், மனைவிக்கு என்ன வயது என்று தெரியாமல் எழுதியவர் இல்லை.

அவரைப் பற்றிச் சொல்லப்படுவதில் ஒரு பொய்யையும் ஒதுக்கிவிடலாம். 1927-இல் பாரிஸில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து மக்கள் பார்க்க நாவல் எழுதினார் என்பார்கள். ஒப்பந்தம் நடந்தது, விளம்பரமும் வந்தது, நிகழ்ச்சி மட்டும் நடக்கவே இல்லை. நேரில் பார்த்ததாகப் பிற்காலத்தில் எழுதியவர்கள் உண்டு என்பதுதான் வேடிக்கை! எழுத்தாளர்களின் தினசரி வழக்கம் பற்றிய செய்திகளை நீங்கள் இந்தக் கூண்டை நினைவில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும். குறிப்பேடு, உறை, தேதியிட்ட கடிதம் என்று கையில் எடுத்துப் பார்க்கக்கூடியவை வலுவான சாட்சி. நேர்காணலில் அவரவர் சொன்னது அடுத்தபடி. நாளைக்கு இத்தனை பக்கம் என்கிற எண்களை, சிமெனோன் சொன்னவை உட்பட, கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள். யாரோ பார்த்ததாக இன்னொருவர் சொன்னது கணக்கில் வராது.

ரேமண்ட் சாண்ட்லரின் கதைதான் உங்களுக்கு நேரடியாக உதவும் என்று நினைக்கிறேன். எண்ணெய் நிறுவனத்தில் அதிகாரியாக இருந்து 1932-இல் வேலை போனபின், நாற்பத்து நான்கு வயதில் கதை எழுதக் கற்றுக்கொண்டார். கற்ற விதம்: துப்பறியும் கதாசிரியர் எர்ல் ஸ்டான்லி கார்ட்னரின் குறுநாவல் ஒன்றை எடுத்து விரிவான சுருக்கம் எழுதிக்கொள்வது, மூலத்தை மூடி வைத்துவிட்டுச் சுருக்கத்திலிருந்து கதையைத் தானே எழுதுவது, பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து எங்கே தன் கை தளர்ந்தது என்று பார்ப்பது, மறுபடி எழுதுவது. இதைக் கார்ட்னருக்கே கடிதத்தில் எழுதியிருக்கிறார். முதல் கதைக்கு ஐந்து மாதம் ஆனது, சொல்லுக்கு ஒரு சென்ட் வீதம் 180 டாலர் கிடைத்தது. தாளைப் பாதியாக வெட்டி, பக்கத்துக்குப் பன்னிரண்டு பதினைந்து வரிக்கு மேல் போகாமல் தட்டச்சு செய்வார். சின்னத் தாள் என்றால் திருத்தத்துக்கு மறுபடி அடிக்கச் சோம்பல் வராது, ஒவ்வொரு தாளிலும் ஏதாவது ஒன்று உயிரோடு இருக்க வேண்டும் என்கிற கட்டாயமும் வரும். நாளொன்றுக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்பது அவர் சொன்ன விதி. அந்த நேரத்தில் எழுதித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஜன்னல் வழியே பார்க்கலாம், தலைகீழாக நிற்கலாம். ஆனால் படிப்பது, கடிதம் எழுதுவது, பத்திரிகை புரட்டுவது கூடாது. இன்றைக்கு அந்தப் பட்டியலில் முதலில் செல்போன் வரும்.

அவருடைய பேரேடு சரியில்லாதபோது என்ன ஆனது என்பதும் பதிவாகியிருக்கிறது. 1939-இல் வந்த ‘தி பிக் ஸ்லீப்’ நாவலை, முன்பே பத்திரிகையில் வந்த தன் கதைகளை உருக்கி ஒட்டவைத்துச் செய்தார். அதில் ஒரு கார் ஓட்டுநர் காரோடு கடலில் கிடப்பார். படம் எடுத்தபோது அவரைக் கொன்றது யார் என்று தந்தி கொடுத்துக் கேட்டார்கள், எனக்கும் தெரியவில்லை என்று சாண்ட்லரே ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருடைய உரைநடைக்கு அதை மன்னித்துவிட்டார்கள். நமக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர்களுக்குப் பஞ்சமில்லை. டொரதி சேயர்ஸ் 1922 முதல் 1931 வரை விளம்பர நிறுவன ஊழியர். பி.டி. ஜேம்ஸ் மருத்துவமனை நிர்வாகத்தில் இருந்துகொண்டு, அலுவலகம் கிளம்புமுன் அதிகாலையில் எழுதினார். முதல் நாவல் வந்தது 1962-இல், நாற்பத்திரண்டு வயதில். ஓய்வு பெறும்வரை வேலையை விடவில்லை. ஜப்பானில் கெய்கோ ஹிகாஷினோ பொறியாளராக இருந்தபடியே எழுதத் தொடங்கியவர். நம் சுஜாதா பெங்களூரில் பொதுத்துறை மின்னணு நிறுவனத்தில் பொறியாளராக இருந்துகொண்டேதான் கணேஷையும் வசந்தையும் நடமாட விட்டார். உங்களுக்குத் தினம் 45 நிமிடம் கிடைத்தால் 300 சொல் வரும். 200 நாளில் 60,000 சொல். ஒரு நாவலுக்கு அது போதும். விடுபட்ட நாளைக்கு மறுநாள் 600 எழுதி ஈடுகட்டப் பார்க்காதீர்கள், அப்படி எழுதியதில்தான் மணிக்கணக்குத் தவறுகள் குவியும்.

படிப்புக்கு வருவோம். துப்பறியும் நாவலுக்காகப் படிப்பதில் நாவல் சிறு பங்குதான். ஜப்பானிய எழுத்தாளர் செய்ச்சோ மாட்சுமோட்டோ 1957-இல் ஒரு பயண இதழில் தொடங்கிய தொடர்கதை, ரயில் கால அட்டவணையிலிருந்து பிறந்தது. அன்றைய டோக்கியோ நிலையத்தில் 13-ஆம் நடைமேடையில் நின்றால் 15-ஆம் நடைமேடை தெரியாது, நடுவே எப்போதும் ரயில் நிற்கும். மாலை 5.57 முதல் 6.01 வரை நான்கே நிமிடம் மறைப்பு விலகும். அந்த நான்கு நிமிடத்தில் ஒருவர் ‘தற்செயலாக’ எதையோ பார்க்கிறார் என்றால் அது தற்செயல்தானா? அட்டவணையைக் கரைத்துக் குடித்தவருக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும். சேயர்ஸ் 1934-இல் தேவாலய மணிகளை மையமாக வைத்து எழுதியபோது மணிக்கயிற்றை இழுத்த அனுபவமே அவருக்குக் கிடையாது. அந்தக் கலையின் கையேடுகளைப் படித்துக் கணக்குப் போட்டே எழுதினார். நீங்களும் உங்கள் வங்கியின் லாக்கர் பதிவேட்டையும் இரட்டைச் சாவி முறையையும் விட்டுவிட்டு லண்டன் விஷத்தைத் தேடிப் போக வேண்டாம்.

நம் ஊரில் நடக்கிற கதைக்குச் சரிபார்க்க வேண்டியவை சில. 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த கொலை என்றால் ‘302’ என்று இன்ஸ்பெக்டர் சொல்லக் கூடாது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அது பிரிவு 103. சந்தேக மரணத்துக்குப் பழைய 174 இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தில் 194. அதற்கு முந்தைய தேதியில் நடக்கிற கதைக்குப் பழைய எண்களே சரி. மரண விறைப்பு குளிர்நாட்டுப் புத்தகங்கள் சொல்வதைவிட நம் வெயிலில் சீக்கிரம் வந்து சீக்கிரம் விலகும். மேல்நாட்டு நாவலைப் பார்த்து மணிக்கணக்கு வைத்தால் பிழைதான் வரும். இந்திய மருத்துவ மாணவர்கள் படிக்கும் சட்ட மருத்துவ நூலைப் பாருங்கள், முடிந்தால் அந்த ஒரு பக்கத்தை ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த இரண்டிலும் நான் சொல்வது எழுத்தாளருக்குத் தேவையான அளவு மட்டுமே, வழக்கறிஞரோ மருத்துவரோ சொல்வதற்கு ஈடில்லை. நிலா வெளிச்சத்தில் முகம் தெரிந்தது என்று எழுதுமுன் தினசரிக் காலண்டரைக் கிழித்துப் பாருங்கள், அன்றைக்கு அமாவாசையாக இருக்கப் போகிறது.

இனி பேரேடு. நீளமான கணக்கு நோட்டு ஒன்று. இடப்பக்கம் உண்மையில் நடந்தது: தேதி, கிழமை, மணி, இடம், அங்கே யார் யார், கிளம்பும்போது யாருக்கு என்ன தெரிந்திருந்தது. வலப்பக்கம் அதே நேரத்துக்கு வாசகரிடம் சொன்னது, எந்த அத்தியாயத்தில், யார் வாய் வழியாக. ஒவ்வொரு தடயத்துக்கும் மூன்று பதிவு வேண்டும்: விதைத்த இடம், ஒருமுறை கண்ணில் பட்டு மறைந்த இடம், விளக்கிய இடம். நடுப்பதிவு இல்லாவிட்டால் வாசகர் மறந்துபோய், ஏமாற்றிவிட்டார்கள் என்பார். விதைக்கும்போது அதை ஐந்து பொருள்களின் பட்டியலில் மூன்றாவதாக வையுங்கள், அடுத்த வரியிலேயே யாராவது சண்டை போடட்டும். ஏதாவது ஓர் அத்தியாயத்தில் மணியை மாற்றினால் அன்றே நோட்டில் மாற்றுங்கள். கைப்பிரதிகளில் அதிகம் கண்ணில் படும் தவறு இதுதான்: எட்டரைக்கு இருந்த சாப்பாடு ஏழரைக்கு நகர்ந்திருக்கும், பால்காரரின் சாட்சியம் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். அடுத்தது பெயர்கள். ரமேஷ், ராஜேஷ், ரவி என்று மூன்று பேர் இருந்தால் 80-ஆம் பக்கத்தில் வாசகருக்கு யார் யாரென்றே குழம்பும். முதலெழுத்தும் ஒலி நீளமும் வேறுபடட்டும்.

தமிழில் எழுதுகிறவருக்கு வருகிற ஒரு தொல்லை உண்டு, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆங்கிலத்தில் வினைச்சொல் ஆளைக் காட்டிக்கொடுக்காது. நாம் “கதவருகே நின்றான்” என்று எழுதிய கணமே சந்தேகப் பட்டியலில் பாதிப் பேர் விடுதலை. “அந்த உருவம் நகர்ந்தது” என்பது தேய்ந்துபோன தப்பித்தல், அதைப் பார்த்ததுமே வாசகர் உஷாராகிவிடுவார். “அவர்” என்று மரியாதையில் ஒளியலாம், ஆனால் கதைசொல்லி முதல் பக்கத்திலிருந்தே எல்லாரையும் அவர் என்று சொல்லியிருந்தால்தான் அது செல்லும். கொலையாளியை வெளியிலிருந்து காட்டாமல், சாகப்போகிறவரின் காது வழியாகக் காட்டுவது மேல். தாழ்ப்பாள் சத்தம், ஈரச் செருப்பின் உறிஞ்சல், மின்விசிறி நிற்பது. எழுவாய் பொருளாக இருக்கும்வரை பால் தெரியாது.

தொல்லைக்கு ஈடாக ஒரு வரமும் இருக்கிறது: நாம், நாங்கள். கரண்ட் போன நேரத்தில் செங்கல்பட்டில் இருந்ததாகச் சொல்லும் மருமகனிடம், எதேச்சையாக மைத்துனி சொல்கிறாள்: “கரண்ட் போனப்ப நாம மாடியிலதானே இருந்தோம்?” அவன் ஒன்றும் சொல்லாமல் காபியை எடுத்துக்கொள்கிறான். அந்த ‘நாம’ கேட்பவனையும் சேர்த்துக்கொண்டுவிட்டது. 40-ஆம் பக்கத்தில் வாசகர் கண் முன்னாலேயே கிடக்கும், 190-ஆம் பக்கத்தில் எடுத்துக் காட்டினால் திரும்பிப் போய்ப் பார்ப்பார். இரண்டு எச்சரிக்கை. பேச்சில் இந்த வேறுபாட்டைக் காப்பாற்றாதவர்களும் உண்டு, ஆகவே அவள் ‘நாங்க’ என்று சரியாகச் சொல்கிற இரண்டு இடத்தை முன்பே காட்டியிருக்க வேண்டும். இரண்டாவது, மெய்ப்புத் திருத்துகிறவர் பிழை என்று நினைத்து ‘நாங்க’ என்று மாற்றிவிடுவார். அந்த வரிக்குப் பக்கத்தில் ‘மாற்ற வேண்டாம்’ என்று சிவப்பில் எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக உங்கள் 14-ஆம் அத்தியாயம். நடுவில் நின்றுபோன துப்பறியும் கதைகளில் பெரும்பாலும் துப்பறிகிறவர் ஓடிக்கொண்டிருப்பார், கொலையாளி சும்மா உட்கார்ந்திருப்பார். யார் கொலையாளி என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றால், வாய்ப்புள்ள மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் கொலையாளி என்று வைத்துக்கொண்டு, அவர் எழுதும் டைரியாக அத்தியாயத்துக்கு இரண்டு வரி, 13 அத்தியாயத்துக்கும் எழுதுங்கள். “இன்று எதற்குப் பயந்தேன், அதற்கு என்ன செய்தேன்” என்று மட்டும். மூன்று டைரிக்கும் சேர்த்து நான்கைந்து மாலைகள் போதும். யாருடைய டைரியில் வெற்று நாள் குறைவோ அவர்தான் உங்கள் ஆள். அவர் டைரியிலும் எழுத ஒன்றுமில்லாத முதல் அத்தியாயம் எதுவோ, கதை உண்மையில் நின்றது அங்கேதான். அது அநேகமாக ஐந்தோ ஆறோவாக இருக்கும். 14-ஐ மூடி வைத்துவிட்டு அங்கே போய், அவர் செய்கிற ஒரு காரியத்தைச் சேருங்கள். அழித்த ஒரு ரசீது, மாற்றி வைத்த ஒரு சாவி, எது வேண்டுமானாலும். நோட்டின் இடப்பக்கத்தில் முதலில் எழுதுங்கள், பிறகு கதையில்.